தேவானந்தாவின் பதினான்கு கனவுகள்

வங்கி வேலையில் நான் பார்க்காத ஏலம் கிடையாது. மீட்கப்படாத நகை, தவணை கட்டாத டிராக்டர், பூட்டிக் கிடக்கும் ஷெட், ஒருமுறை பாதி தைத்த சட்டைகள் அடங்கிய மூட்டைகள். ஆனால் கனவை ஏலம் விட்டுப் பார்த்தது ஒரே ஒரு ஊரில்தான். அகமதாபாத்தில், 2009 ஆகஸ்டில்.

குஜராத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சுவேதாம்பர ஜைனர்களின் பர்யூஷண் எட்டு நாள் நடக்கும். அதில் ஐந்தாம் நாள் கல்பசூத்திரத்திலிருந்து மகாவீரர் பிறந்த பகுதியை வாசிப்பார்கள். (பிறந்தநாள் சித்திரையில் வருகிறது. இது வாசிக்கிற நாள் மட்டும்.) அவர் கருவிலிருந்தபோது தாய் திரிசலை கண்ட 14 கனவுகளையும் வெள்ளியில் செய்து வைத்திருக்கிறார்கள். யானை, காளை, சிங்கம், லட்சுமி, பூமாலை, சந்திரன், சூரியன், கொடி, பூரணகும்பம், தாமரைக்குளம், கடல், விமானம், ரத்தினக்குவியல், புகையில்லாத நெருப்பு. ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்குவார்கள். அதை வரவேற்று மாலை போடுகிற உரிமைக்குத்தான் ஏலம்.

ஏலக்கணக்கு ரூபாயில் இல்லை, நெய்யில். இத்தனை மணங்கு நெய் என்று கூவுகிறார்கள். ஒரு மணங்குக்கு இவ்வளவு ரூபாய் என்று சங்கத்தில் ஒரு விலை வைத்திருப்பார்கள், சந்தை விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. அந்தக் காலத்தில் கோவில் விளக்குக்கு நெய் கொடுத்ததன் மிச்சம். பணம் தேவத்ரவ்யம் என்ற தனிக்கணக்கில் போகும், கோவில் காரியம் தவிர வேறெதற்கும் எடுக்கக்கூடாது என்பது மரபு. காமர்ஸ் படித்தவளுக்கு இதைவிட சுவாரசியமான கணக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் அன்றைக்கு நான் கணக்கு பார்க்கப் போகவில்லை. கீழ்வீட்டு பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் போனேன். (பா என்றால் குஜராத்தியில் அம்மா. வயதான பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

ஏன் இழுத்துக்கொண்டு போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி சொல்லலாம்.

அந்த வருடம் மார்ச் முடிவுக் கணக்கு முடிந்த கையோடு தெரிந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் வெளியே அடுப்பு மாதிரி வெயில், உள்ளே வாந்தி. கேஷ் கவுன்டரில் பழைய நோட்டின் வாசனை தாங்காமல் கைக்குட்டையில் எலுமிச்சம்பழத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டிருப்பேன். அதெல்லாம் எல்லோரும் சொன்னதுதான். யாரும் சொல்லாதது கனவு. என் வாழ்நாளில் அப்படிப்பட்ட கனவுகள் வந்ததில்லை. நோட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறேன், கட்டு முடியவில்லை, பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை வேப்பிலை. இன்னொரு நாள் எங்கள் ஊர் ஏரி. வருடத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும் ஏரி, கனவில் கரை ததும்பத் தாமரை. செத்துப்போன ஆயா அதில் துணி அலசிக்கொண்டு, "வாடி, தண்ணி சில்லுனு இருக்கு" என்கிறாள். நிறம், சத்தம், ஈரம் எல்லாம் அப்படியே. விழித்த பிறகும் கை ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

அம்மாவிடம் செல்போனில் சொன்னால், "விடியக்காலையில வந்துச்சா? அப்ப பலிக்கும். யார்கிட்டயும் சொல்லாத, மூணு மாசம் ஆகட்டும்" என்றாள். மூன்று மாதம் ஆகவில்லை. ஜூன் முதல் வாரம், பன்னிரண்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. நான்கு நாள் லீவு போட்டேன், ஐந்தாம் நாள் கவுன்டரில் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லியிருக்காததால் யாரும் விசாரிக்கவும் இல்லை. கனவும் நின்றுவிட்டது. கனவு என்றால் கெட்ட கனவுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. ராத்திரி கண்ணை மூடினால் காலையில் அலாரம். எனக்கு அழுகை வந்தது அதை நினைத்துத்தான்.

சரி, தேராசருக்கு வருவோம். (அங்கே ஜைனக் கோவிலைத் தேராசர் என்பார்கள்.) பா என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தி பாதி குஜராத்தி பாதியாக எனக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். வெள்ளித் தாமரைக்குளம் இறங்கி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. "திரிசலா மாதாவின் கனவு" என்றேன். பா தலையை ஆட்டி, "முதலில் அவளுடையது இல்லை. தேவானந்தாவுடையது" என்றார்.

தேவானந்தா யார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் நான் ஜைனர்களைப் பார்க்காமல் வளர்ந்தவள் இல்லை. எங்கள் ஊர் திண்டிவனத்துப் பக்கம். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர் பக்கத்தில்தான். கூடப் படித்த நயினார் வீட்டுப் பெண்கள் உண்டு. ஆனால் தமிழ்ச் சமணர்கள் திகம்பரர்கள். அவர்கள் கணக்கில் கனவு 16. கொடிக்குப் பதிலாக மீன் இணை, சிம்மாசனம், நாகர் மாளிகை என்று மூன்று சேரும். அங்கே தேவானந்தா கதை கிடையவே கிடையாது. மகாவீரரின் தாய் திரிசலை மட்டும்தான். தேவானந்தா சுவேதாம்பர நூல்களில் மட்டும் வருகிறவள்.

அதன்பிறகு கல்பசூத்திரத்தைத் தேடிப் படித்தேன். பத்ரபாகு செய்தது என்பது மரபு. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி 1879ல் பிராகிருத மூலத்தைப் பதிப்பித்தார், 1884ல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அதில் உள்ளபடி கதை இது.

குண்டகிராமத்தில் பிராமணர்கள் வசிக்கும் பகுதியில் ரிஷபதத்தன் என்பவர். மனைவி தேவானந்தா. மகாவீரரின் உயிர் முதலில் அவள் வயிற்றில்தான் வந்து தங்குகிறது. அந்த ராத்திரி அரைத்தூக்கத்தில் 14 கனவும் அவளுக்கு வருகின்றன. எழுந்து கணவனிடம் சொல்கிறாள். அவர் யோசித்து, நான்கு வேதமும் கரைகண்ட மகன் பிறப்பான் என்கிறார். அவளுக்கு சந்தோஷம்.

மேலே இந்திரனுக்குக் கவலை. தீர்த்தங்கரர்கள் க்ஷத்திரியக் குலத்தில்தான் பிறப்பது வழக்கம், இது எப்படி இங்கே வந்தது என்று. தன் சேனைத்தலைவன் ஹரிணைகமேஷியைக் கூப்பிட்டு, கருவை அதே ஊரின் க்ஷத்திரியப் பகுதியில் இருக்கும் சித்தார்த்தன் மனைவி திரிசலைக்கு மாற்றச் சொல்கிறான். 82 நாள் கழிந்து 83ஆம் நாள் இரவு அந்த மாற்றம் நடக்கிறது. திரிசலை வயிற்றிலிருந்த கரு தேவானந்தாவுக்கு. எங்கள் பாஷையில் கான்ட்ரா என்ட்ரி. இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது. ஆனால் தேவானந்தாவிடம் வந்த அந்தக் கரு என்ன ஆனது என்று கல்பசூத்திரம் அதன்பின் பேசுவதில்லை.

யாருக்கும் வலி இல்லை, எல்லோரையும் தூங்க வைத்துவிட்டுத்தான் செய்தான் என்கிறது நூல். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறது. அந்த ராத்திரி தேவானந்தா அரைத்தூக்கத்தில் இன்னொரு கனவு காண்கிறாள். தன் 14 கனவுகளையும் திரிசலை எடுத்துக்கொண்டு போவதாக.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். 82 நாள் என்பது பன்னிரண்டு வாரத்துக்கு இரண்டு நாள் குறைவு. கரு போகிறபோது கனவும் போகும் என்று யாரோ ஒருவருக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சொன்னவர் பெண்ணாக இருக்கவேண்டும், எழுதியவர் யாராக இருந்தாலும்.

இந்த மாற்றம் ஏன் கதைக்குள் வந்தது என்பதற்கு வரலாற்றுக்காரர்கள் சொல்வது ஓரளவு வெளிப்படை. பிராமணரைவிட க்ஷத்திரியர் உயர்ந்தவர் என்று காட்டுவது. நூலே அதை ஒளிக்கவில்லை. ஆனால் மாற்றுகிற அந்தத் தேவன் நூலைவிடப் பழையவனாக இருக்கலாம். மதுராவில் கங்காளி திலா என்ற மேட்டை 1880களின் கடைசியில் தோண்டியபோது ஆட்டுத்தலையோடு ஒரு உருவம் கிடைத்தது. 'பகவா நேமேசோ' என்று பெயர் வெட்டியிருக்கிறது. சுஸ்ருத சம்ஹிதையில் இதே நைகமேஷன் குழந்தைகளைப் பிடிக்கும் ஒன்பது கிரகங்களில் ஒன்று. பிள்ளை கொடுப்பவனும் அவனே, பறிப்பவனும் அவனே. இன்னொரு ஜைன நூலில் சுலசை என்று ஒரு பெண் வருகிறாள். பிறக்கிற குழந்தையெல்லாம் செத்தே பிறக்கும். அவள் இவனை வேண்டுகிறாள், இவன் தேவகியின் உயிருள்ள குழந்தைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் செத்த குழந்தைகளை அங்கே போடுகிறான். மண்ணில் செய்த நைகமேஷ உருவங்கள் வடக்கே பல ஊர்களில் மண்ணுக்கடியிலிருந்து வந்திருக்கின்றன. கையடக்கமான சின்னச் சின்ன பொம்மைகள். ராஜா செய்து வைத்தது போலத் தெரியவில்லை. வயிற்றில் பயத்தோடு இருந்த வீட்டுப்பெண்கள் கும்பிட்டது என்றே நினைக்கிறேன்.

கர்ப்பத்தில் வரும் கனவு நம் நாட்டில் புத்தருக்கும் உண்டு. மாயாதேவி வெள்ளை யானையைக் கண்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு பார்ஹுத் ஸ்தூபியில் அதை வட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். 1873ல் கன்னிங்ஹாம் கண்டெடுத்த இடம். கல்கத்தாவில் இருப்பவர்கள் இந்தியன் மியூசியத்தில் போய்ப் பாருங்கள். மாயா கட்டிலில் தூங்குகிறாள், தலைமாட்டில் கூஜா, கால்மாட்டில் விளக்கு, பக்கத்தில் தோழிகள். ராணியின் அறை என்று சொன்னால்தான் தெரியும். நம் வீட்டில் ஒரு பெண் படுத்திருப்பது போலத்தான் இருக்கிறது.

தமிழில் கேட்டால் சீவக சிந்தாமணி. திருத்தக்கதேவரும் சமணர்தான். விசயை கனவில் அசோகமரம் முறிந்து விழுகிறது. அதன் வேரிலிருந்து முடியோடு ஒரு முளை, சுற்றி எட்டு மாலைகள். முளை மகன், மாலைகள் அவன் மனைவிமார் என்று சச்சந்தன் சொல்கிறான். மரம் விழுந்ததற்கு அர்த்தம் அவன் சாவு. பின்னால் நிறைமாதக் கர்ப்பிணியாக மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாள். நல்ல கனவு, கெட்ட கனவு என்று தனித்தனியாக வராமல் இரண்டும் ஒரே கனவில் வருகிறது பாருங்கள். அது எனக்கு உண்மைக்கு மிக அருகில் தெரிகிறது.

இப்போது திரிசலையிடம் போவோம். கனவு கண்டதும் அவள் முதலில் என்ன செய்கிறாள் தெரியுமா? மறுபடி தூங்க மறுக்கிறாள். அடுத்துக் கெட்ட கனவு வந்து நல்லதைக் கெடுத்துவிடுமோ என்று விடிய விடிய நல்ல கதைகள் பேசி விழித்திருக்கிறாள். காலையில் சித்தார்த்தன் கனவு பலன் சொல்பவர்களை வரவழைக்கிறான். சபையில் ஒரு திரை கட்டி, அதற்குப் பின்னால் திரிசலையை உட்கார வைக்கிறார்கள். கனவு அவளுடையது, பேச்சு வெளியே ஆண்களுக்குள்.

பலன் சொல்பவர்களிடம் ஒரு அட்டவணை இருக்கிறது. சாதாரணக் கனவு 42, மகாகனவு 30, ஆக 72. தீர்த்தங்கரர் அல்லது சக்கரவர்த்தியின் தாய்க்கு முப்பதில் 14 வரும். வாசுதேவர்களின் தாய்க்கு 7. பலதேவர்களின் தாய்க்கு 4. சிற்றரசனின் தாய்க்கு 1. எங்கள் கிளை மேலாளர் பார்த்திருந்தால் வட்டி விகிதப் பட்டியல் என்று சுவரில் ஒட்டியிருப்பார். சொல்லி முடித்ததும் அவர்களுக்கு வெகுமதி கொடுத்து அனுப்புகிறார்கள்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, அதே 14 கனவுக்குப் பிராமணர் வீட்டில் வேத பண்டிதன் என்று பலன், அரண்மனையில் சக்கரவர்த்தி அல்லது தீர்த்தங்கரர் என்று பலன். கனவு மாறவில்லை, வீடு மாறியது. இரண்டு, அட்டவணையில் எங்கேயும் பெண் குழந்தை இல்லை. யானை வந்தாலும் மகன், கடல் வந்தாலும் மகன். இதைச் சிரித்துவிட்டுப் போகமுடியவில்லை. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இந்தியாவில் பெண் குழந்தைகள் 927. குஜராத்தில் 883. பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் பலகை தொங்கும். பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் சொந்தக்காரர்கள் கேட்பது, "கனவுல பாம்பு வந்துச்சா, பழம் வந்துச்சா?" என்னிடமும் கேட்டார்கள்.

கல்பசூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ராஜாங்க விஷயம் இல்லை. அன்றாடம். திரிசலை அதிகச் சூடும் இல்லாமல் அதிகக் குளிர்ச்சியும் இல்லாமல், அதிகக் கசப்பு, காரம், துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் இல்லாமல், எண்ணெயும் மிஞ்சாமல், வறட்சியாகவும் இல்லாமல் சாப்பிட்டாள் என்று வரிசையாக வருகிறது. என் அம்மா தினமும் போனில் சொல்வதை யாரோ பிராகிருதத்தில் எழுதி வைத்த மாதிரி. ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்தது என்றும் வருகிறது. சம்ஸ்கிருதத்தில் இந்த ஆசைக்குத் தோஹதம் என்று பெயர். நாலாம் மாதத்தில் கருவின் இதயம் துலங்குகிறது, அப்போதிலிருந்து அவள் இரண்டு இதயம் உள்ளவள், அவள் ஆசை அந்த இன்னொரு இதயத்தின் ஆசை, மறுக்கக்கூடாது என்கிறது சுஸ்ருத சம்ஹிதை. நம்மில் மசக்கை. பழைய தமிழில் வயா. புறநானூற்றில் சேரமான் ஒருவனைப் பாடும் குறுங்கோழியூர் கிழார், உன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டுத் தின்றால் உண்டு, பகைவர் தின்ன முடியாது என்கிறார். யுத்தப் பாட்டுக்குள் சாம்பலும் மண்ணும் தின்கிற நம் வீட்டுப் பெண் எப்படி நுழைந்தாள் பாருங்கள். எனக்கு வந்த ஆசை மணிநகர் தமிழ்க்கடையில் விற்ற நார்த்தங்காய் ஊறுகாய். அதோடு தப்பித்தார் என் கணவர்.

பிறகு அந்த இடம். கருவிலிருக்கும் மகாவீரர், தான் அசைந்தால் தாய்க்கு வலிக்குமே என்று அசையாமல் இருந்துவிடுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் திரிசலைக்கு எப்படித் தெரியும்? "முன்பு அசைந்தது, இப்போது அசையவில்லை. என் கரு போய்விட்டதா, இறந்துவிட்டதா?" என்று கன்னத்தில் கைவைத்துத் தரையைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். அரண்மனையில் பாட்டு, மத்தளம், கூத்து எல்லாம் நின்றுவிடுகிறது. அவர் தெரிந்துகொண்டு லேசாக அசைகிறார். அவள் எழுந்து சிரிக்கிறாள். வயிற்றில் இருக்கும்போதே தாய்க்கு இவ்வளவு பாசமா என்று, பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை துறவு கொள்வதில்லை என்று அங்கேயே முடிவெடுக்கிறார்.

2011ல் இரண்டாம் முறை நான் உண்டாகியிருந்தபோது ஏழாம் மாதத்தில் ஒரு சாயங்காலம் இதே மாதிரி ஆனது. மதியத்திலிருந்து அசைவில்லை. கணவர் ஊரில் இல்லை. பா மேலே வந்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து இடதுபக்கம் படுக்கவைத்து, ஆட்டோவுக்கும் ஆள் அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் ஒரு உதை. ஆனாலும் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காட்டிய பிறகுதான் அவர் மூச்சுவிட்டார். (இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்கு: அசைவு குறைந்தால் கதை படிக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.) கல்பசூத்திரக் கணக்கில் மகாவீரர் பிறந்தது ஒன்பது மாதம் ஏழரை நாளில். அரை நாளைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். என் மகள் எட்டரை மாதத்திலேயே வந்துவிட்டாள்.

இரண்டாம் முறையும் கனவு வந்தது. இந்த முறை பெரும்பாலும் பயம். குழந்தையை லாக்கருக்குள் வைத்துவிட்டுச் சாவியைத் தொலைப்பது, குழந்தை பஸ்ஸில் போய்விடுவது. பெற்ற பிறகும் நடு ராத்திரியில் எழுந்து போர்வைக்குள் குழந்தையைத் தேடியிருக்கிறேன், அவள் பக்கத்துத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பாள். எனக்கு மட்டும் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, 2007லேயே மான்ட்ரியலில் ஆய்வாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்றவர்களிலும் நிறையப் பேருக்குக் குழந்தை ஆபத்தில் இருப்பது போலக் கனவு வருகிறது, தூக்கத்திலேயே படுக்கையைத் துழாவுகிறார்கள். கனவு அதிகமாக வரும் உறக்க நிலையை 1953ல் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள். அந்த நிலையிலிருந்து சட்டென்று விழித்தால் கனவு நினைவில் நிற்கும். கர்ப்பிணி ராத்திரியில் பத்து தடவை விழிக்கிறாள், வயிறு அழுத்துகிறது, சிறுநீர் போகவேண்டும், கால் இழுக்கிறது. அதனால் நினைவும் அதிகம், தெளிவும் அதிகம். கூடவே மனதில் இருக்கிற பயம். தேவானந்தாவும் திரிசலையும் அரைத்தூக்கத்தில் கண்டார்கள் என்று நூல் சொல்வது எவ்வளவு சரி!

கரு கலைவதும் அபூர்வம் இல்லை. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன என்பது மருத்துவக் கணக்கு. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அதாவது யாரிடமும் சொல்லாதே என்று நாம் சொல்கிற அந்த மூன்று மாதத்தில். சட்டத்துக்கு இது தெரிந்திருக்கிறது. பம்பாய் மாகாணத்தில் பிரசவச் சலுகைச் சட்டம் 1929லேயே வந்தது. அகமதாபாத் மில்களும் அந்த மாகாணத்தில்தான் இருந்தன. 1961ன் மத்தியச் சட்டம் பிரசவத்துக்கு 12 வாரம் கொடுத்தது, 2017 திருத்தத்தில் அது 26 வாரமானது. அதே 1961 சட்டத்தில், கரு கலைந்தால் சம்பளத்தோடு 6 வாரம் லீவு என்று ஒரு பிரிவு இருந்தது. அலுவலக சர்க்குலர்களை வரி விடாமல் படிக்கிற எனக்கு 2009ல் அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. நான்கு நாளில் கவுன்டருக்கு வந்தேன் என்றேன் அல்லவா, யாரும் வரச்சொல்லி வரவில்லை. இதற்கெல்லாம் லீவு கேட்பார்களா என்று நானே நினைத்துக்கொண்டேன். இப்போது என் கீழே வேலை செய்யும் பெண்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேவானந்தா கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அது கல்பசூத்திரத்தில் இல்லை, பகவதி சூத்திரத்தில். வருடங்கள் ஓடிவிட்டன. மகாவீரர் ஊர் ஊராகப் போதிக்கும் துறவி. ஒருநாள் அந்தப் பிராமணக் குண்டகிராமத்துக்கே வருகிறார். கூட்டத்தில் வயதான தேவானந்தாவும் கணவரோடு நிற்கிறாள். அவரைக் கண்கொட்டாமல் பார்க்கிறாள். மயிர்க்கூச்செறிகிறது. மார்பில் பால் சுரக்கிறது. சீடர் கௌதமர் இது என்ன என்று கேட்கிறார். மகாவீரர் மறைக்காமல், இவள் என் தாய், நான் இவள் மகன் என்கிறார். எல்லோருக்கும் எதிரில். அவளும் ரிஷபதத்தனும் துறவு கொண்டு முக்தி அடைகிறார்கள். இதைப் பா எனக்குத் தேராசர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "82 நாளும் கணக்கில் உண்டு, பேட்டா" என்றார். என் விஷயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. ஜூன் மாதம் மாடிப்படியில் என் முகத்தைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

கல்பசூத்திரத்தை ஊரறிய முதலில் வாசித்தது குஜராத்தில் ஆனந்தபுரத்தில் என்பது மரபு. இன்றைய வட்நகர். துருவசேனன் என்ற அரசனின் மகன் இறந்துபோக, அந்தத் துக்கத்தை ஆற்றுவதற்காகச் சபையில் வாசித்தார்களாம். மகாவீரர் முக்தியடைந்து 980 அல்லது 993 வருடம் கழித்து என்று சொல்வார்கள். அதுவரை துறவிகள் தங்களுக்குள் மட்டும் ஓதிய நூல். நெய் ஏலமும் வெள்ளி யானையும் பின்னால் சேர்ந்தவை. வாசிப்பு ஆரம்பித்தது பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில்.

அகமதாபாத்தை விட்டு மாற்றலாகி வந்து வருடங்கள் ஆகின்றன. போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மகளை எல்.டி. அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். 1956ல் தொடங்கிய இந்தியவியல் நிறுவனத்தோடு சேர்ந்தது. பல்கலைக்கழகத்துப் பக்கம் நவரங்கபுராவில் இருக்கிறது. கல்பசூத்திரச் சுவடிகளின் ஏடுகள் நீளநீளமாக, சிவப்பும் நீலமும் பொன்னுமாக இருக்கும். பக்கவாட்டு முகத்தில் இரண்டாவது கண் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தச் சுவடிகளில் ஒரே மாதிரி இரண்டு படம் வரும். கட்டிலில் படுத்திருக்கும் பெண், அவளைச் சுற்றி 14 கனவுகள். முதல் படம் தேவானந்தா, பிறகு வருவது திரிசலை. ஓவியர்களுக்கு அவளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

மகளுக்குக் கதையைச் சொன்னேன். கூடவே அவளுக்கு முன்னால் ஒன்று இருந்ததையும் முதல் தடவையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கு என்ன கனவும்மா வந்துச்சு?" என்று கேட்டாள். பதினைந்து வருடத்தில் அதைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. வேப்பிலை, ஏரி, ஆயா, தாமரை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ரயில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஊரைவிட்டு வந்து குடும்பம் நடத்தும் நமக்கு மசக்கைக்குப் பக்கத்தில் உட்கார அம்மா கிடையாது, அத்தை கிடையாது. உங்கள் அடுக்ககத்தில், அலுவலகத்தில் ஒரு பெண் நான்கு நாள் லீவுக்குப் பிறகு முகம் மாறி வந்தால், என்ன என்று கேட்கவேண்டாம். பக்கத்தில் போய் உட்காருங்கள். பா அதைத்தான் செய்தார்.